கீழே வைத்த கிண்ணம்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கண்ணால் கெட்டவன். இங்கிலீஷ் போர்க்கப்பல் எங்கள் ஊருக்கு எதிரே நங்கூரம் போட்ட காலையில், ஊரே பெண்டு பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் கோட்டை வாசலில் வறுகரண்டியும் கையுமாக நின்று அந்தக் கப்பலின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வெள்ளை. தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சிவப்பு. அலை இறங்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது. எனக்கு அந்தச் சிவப்பைத் தெரியும். எங்கள் உம்மு மக்ரா தீவில் அந்த நிறத்தில் ஒரு மலையே இருக்கிறது. நாங்கள் அதை ஆட்டு முதுகில் அடையாளம் போடவும் மரப்பெட்டிக்குப் பூசவும் ஒரு கைப்பிடி எடுப்போம், அவ்வளவுதான். கப்பலின் வயிற்றில் பூசினால் பாசி பிடிக்காது, சிப்பி ஒட்டாது என்று தூரதேசத்தில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த மண்ணை ஒரு ஜெர்மன்காரன் எட்டு மாதமாக வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். வெட்டக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கப்பல் வந்திருந்தது, அதே மண்ணை வயிற்றில் பூசிக்கொண்டு. இதை யோசித்து நான் சிரித்துக்கொண்டிருந்ததில் ஒரு கரண்டி காப்பிக் கொட்டை கருகிப்போனது.

என் பெயர் ஜவ்ஹர். ஷேக் முஸல்லத்தின் மஜ்லிஸில், ஊர் கூடும் கூடத்தில், பத்தொன்பது வருஷமாகக் கஹ்வா, அதாவது எங்கள் ஊர்க் காப்பி, ஊற்றுகிறவன். என் அப்பாவைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்த வீட்டுக்கு விற்றார்கள். என்னையும் தம்பி ஃபரஜையும் ஷேக்கின் அப்பா சாகும்போது விடுதலை செய்துவிட்டுப் போனார். தம்பி முத்துக் குளிக்கப் போனான். நான் இங்கேயே நின்றுவிட்டேன், ஏனென்றால் ஊரில் நடக்கும் அத்தனையும் இந்த ஒரு பாயில் வந்து உட்கார்ந்துதான் நடக்கும்; அதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. என் வேலை லேசானது இல்லை. கூஜா இடது கையில், கிண்ணம் வலது கையில். முதல் வாய் வீட்டுக்காரனுக்கு, விஷம் இல்லை என்று காட்ட. பிறகு விருந்தாளிக்கு. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். போதும் என்றால் அவர் கிண்ணத்தை ஆட்டிக் கொடுப்பார். விளிம்பு வரை ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். அதற்காகக் கத்தி உருவியவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. விருந்தாளி கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் பாயில் வைத்துவிட்டால், அவர் ஏதோ கேட்க வந்திருக்கிறார். என்ன ஏது என்று விசாரிக்கக் கூடாது. 'குடி, கேட்டது உனக்கு' என்று வீட்டுக்காரன் முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்னபின் மாற்றம் கிடையாது. கொலைப்பழியை அப்படி மன்னித்திருக்கிறார்கள். பெண் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வீடு என்றால் அங்கே வைத்த கிண்ணம் வெறுமனே எழுந்துபோனதில்லை என்பார்கள். எங்கள் வீடு நல்ல வீடு.

எட்டு மாதத்துக்கு முன் அந்த ஜெர்மன்காரன், ரைமர்ஸ் என்று பெயர், இதே மஜ்லிஸில் ஷேக்குக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்தான். கூடவே பஸ்ராக்காரன் இல்யாஸ், மொழிபெயர்ப்பாளன், மீசைக்கு எண்ணெய் போடுகிறவன். ரைமர்ஸ் கண்ணில் நீலக் கண்ணாடி போட்டிருந்தான். நீலம் என்றால் சாயம் முக்கியது மாதிரி நீலம். இரண்டு பக்கமும் வெளிச்சம் நுழையாதபடி தோல் வைத்துத் தைத்திருந்தது. உள்ளே கண் இருக்கிறதா, இருந்தால் என்ன நிறம் என்று தெரியவே இல்லை. நான் குனிந்து ஊற்றும்போது அந்தக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ஜவ்ஹர் குட்டிக் கூஜாவுடன் குனிந்திருந்தான். அவன் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நான் ஊற்றினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நினைவு வந்து கூஜாவை நிமிர்த்தும்போது கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

திரும்ப வாங்குவதற்குள் அவன் வாங்கிவிட்டான். காது இல்லாத சின்னக் கிண்ணம், அதில் கொதிக்கக் கொதிக்கக் கஹ்வா. பிடிக்க விளிம்பு இருந்தால்தானே. உதடு வரை கொண்டுபோனான். பாயில் வைத்தான். இரண்டு விரலைக் காது மடலில் வைத்துக்கொண்டான், சுட்டால் யாரும் செய்வதுபோல. ஷேக் அப்போது இடது பக்கம் திரும்பி ஒரு கிணற்றுத் தகராறைக் கேட்டுக்கொண்டிருந்தார். மஜ்லிஸ் அடங்கிப்போனதும் திரும்பினார். பார்த்தது பாயில் இருந்த கிண்ணத்தை. அதுவும் விருந்தாளியின் முழங்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் என் அங்கி; அது விளிம்பு வரை நிறைந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"குடி," என்றார் ஷேக். "கேட்டது உனக்கு."

இல்யாஸ் என்னைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். அவன் மீசை ஒரு பக்கம் ஏறியது. பிறகு ரைமர்ஸின் காதில் நீளமாக ஏதோ சொன்னான். ரைமர்ஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தான். உள்ளே ஒரு சிவப்புக் கல். "உம்மு மக்ராவுல இருக்கிற மண்ணைத்தான் கேக்குறார், ஷேக்," என்றான் இல்யாஸ். மஜ்லிஸே சிரித்தது. குதிரை கேட்பான், துறைமுகம் கேட்பான் என்று பயந்தவர்களுக்கு, மண் கேட்டதும் உயிர் வந்தது. ஷேக்கும் சிரித்தார். "மண்ணா? அள்ளிக்கச் சொல்லு." மறுநாள் இல்யாஸ் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தில் முத்திரை விழுந்தது.

அன்றிலிருந்து இல்யாஸ் என்னை 'ஜவ்ஹர் அண்ணே' என்றுதான் கூப்பிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. பயம் பாதி, மீதி வெட்கம். ஆனால் ரைமர்ஸின் காதில் இல்யாஸ் என்ன சொன்னான் என்ற கேள்வி மட்டும் எட்டு மாதமாக என்னைக் கொசு மாதிரிச் சுற்றியது.

கப்பல் வந்த அன்று அதன் காப்டன் பத்துப் பன்னிரண்டு சிப்பாய்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். எங்கள் கரையில் பல வருஷம் திரிந்தவன். எங்கள் பேச்சைப் பேசினான், கல்லை மெல்வதுபோல. நான் எண்ணி மூன்றில் ஒரு பங்கு ஊற்றினேன்.

"ஷேக் முஸல்லம், எங்களைத் தவிர வேற எந்த அந்நியனுக்கும் நிலம் கொடுக்க மாட்டேன், விக்க மாட்டேன், அடகு வைக்க மாட்டேன்னு நீங்க முத்திரை போட்ட காகிதம் கப்பல்ல இருக்கு."

"நிலம் கொடுக்கல. மண்ணு கேட்டான். கொடுத்தேன்."

"யார் கேட்டாலும் கொடுத்துடுவீங்களா?"

"கிண்ணத்தைக் கீழ வெச்சான்."

காப்டன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது, எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "அரசாங்கத்துக் காகிதத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல," என்றான், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

"உங்க காகிதத்துக்கு முன்னாடியே பொறந்தது எங்க கிண்ணம்."

நான் கூஜாவைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கெஞ்சினேன். வைடா. நீயும் கீழே வைடா. கேட்டால் ஏதாவது ஒரு வழி பிறக்கும், பெரியவர்கள் கூடி உட்காருவார்கள், நாலு நாள் பேசுவார்கள். அவன் குடித்தான். இன்னொன்று வாங்கிக் குடித்தான். மூன்றாவதும் குடித்துவிட்டு, எங்களில் ஒருவன்போல அழகாக ஆட்டிக் கொடுத்தான். "வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள அவன் கூடாரத்தைப் பிரிச்சிருக்கணும். இல்லன்னா கழிமுகத்துல நிக்கிற முத்துப் படகு முப்பத்தொண்ணையும் எரிச்சிடச் சொல்லி எனக்கு உத்தரவு," என்று எழுந்தான்.

அவன் போனபின் ஷேக் வெகுநேரம் அந்த வெறும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்குறவன் கீழ வைப்பான்," என்றார், யாரிடமும் இல்லாமல். "பிடுங்குறவன் எதுக்கு வைக்கணும்?"

மத்தியானம் கழிமுகத்துக்குப் போனேன். படகுகள் கரையில் ஏறி நின்றன, சுறா எண்ணெய் பூசி, புதுக்கயிறு கட்டி. இன்னும் நாலு நாளில் அத்தனையும் முத்துக் குளிக்கக் கிளம்ப வேண்டும். கப்பல்காரர்கள் ஒவ்வொரு படகிலும் சுக்கானைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். சுக்கான் இருந்த இடம் பல் விழுந்த வாய்போல இருந்தது. குளிப்பவர்கள் நிழலில் குந்தியிருந்தார்கள். இந்த நாலு மாதம் கடலுக்குப் போகாவிட்டால் அடுத்த எட்டு மாதம் எங்கள் ஊரில் பேரீச்சங்கொட்டையைத்தான் இடித்துத் தின்ன வேண்டும். என் தம்பி ஃபரஜ் தன் படகின் நிழலில் படுத்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி மௌஸா மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அவனிடம் சொன்னேன். முதல்முறையாக ஒரு மனிதனிடம் சொன்னேன்.

"விளிம்பு வரைக்குமா, அண்ணே?"

"விளிம்பு வரைக்கும்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணலில் புரண்டு, கண்ணீர் வரச் சிரித்தான். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரே அடியாக நின்றான். எழுந்து உட்கார்ந்து கையிலிருந்த மணலைத் தட்டினான்.

"சின்ன வயசுல கோழி முட்டை போடுறத வேடிக்கை பார்க்கப் போயி கிணத்துல விழுந்தவன்தானே நீ. அப்பா அன்னிக்கே சொன்னார், இவன் கண்ணைக் கட்டித்தான் வளக்கணும்னு." "ஷேக்கிட்ட போய்ச் சொல்லு. அடிப்பார். வாங்கிக்க. படகு பொழைக்கும்."

"சொன்னா யார் நம்புவா, ஃபரஜ்? கப்பலைப் பார்த்துப் பயந்துட்டார் ஷேக், பழைய அடிமை வாயில ஒரு கதைய வெச்சு வாக்குத் தவறிட்டாருன்னு கரை முழுக்கச் சிரிக்கும். அதுவும் நான் யாரு? குளிக்கிறவனோட அண்ணன். படகுக்காகப் பொய் சொல்றேன்னுதான் தோணும்."

"தோணும்தான்," என்றான் அவன், கொஞ்சம் யோசித்துவிட்டு. மறுபடி படகின் நிழலில் படுத்துக்கொண்டான்.

மறுநாள் ஷேக் பெரியவர்களைக் கூப்பிட்டார். கொடுத்த வாக்கைக் கொடுத்தவன் திரும்ப வாங்க முடியாது. ஆனால் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கலாம். "நான் உம்மு மக்ராவுக்குப் போறேன்," என்றார். "அவன் கூடாரத்துல விருந்தாளியா உட்காருறேன். என் கிண்ணத்தை அவன் முன்னாடி வைக்கிறேன்." ஒரு ஆட்சியாளர் ஒரு வியாபாரியின் பாயில் கிண்ணத்தை வைப்பதா என்று பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் வேறு வழியை ஒருவரும் சொல்லவில்லை. ஜெர்மன்காரனிடம் கஹ்வா ஏது? எங்கள் கஹ்வா, எங்கள் கூஜா, ஊற்றுவதற்கு நான்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஷேக்கின் சொந்தப் படகில் கிளம்பினோம். ஆறு பெரியவர்கள் சாட்சிக்கு. துடுப்புப் போட்டவர்களில் ஃபரஜும் ஒருவன். அவன் முதுகு என்னைப் பார்த்தபடியே இருந்தது. பின்னால் போர்க்கப்பலும் புகையை விட்டுக்கொண்டு மெதுவாக வந்தது. நான் உரலையும் கொட்டைப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு ஷேக்கின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் உப்புக்காற்றுதான் உள்ளே போனது.

ஷேக்குக்கு அன்று பேச வேண்டும் போலிருந்தது. "அவனை நான் தப்பா நெனைக்கல, ஜவ்ஹர். நம்ம முறை தெரிஞ்சவன். நூறு பேர் உட்கார்ந்திருக்கிற எடத்துல, ஒரு வார்த்தை பேசாம, எவ்வளவு நிதானமா வெச்சான் பார்த்தியா? நம்ம ஆளுங்களுக்கே அந்த அழகு வராது. நான் வெச்சா அவனுக்குப் புரியும்."

"ஆயுசு நீளட்டும், ஷேக். புரியலன்னா?"

அவர் தீவைப் பார்த்தார். தூரத்தில் அது தண்ணீரில் புண்ணாகத் தெரிந்தது. "கேட்டு, கிடைக்காம, என் வீட்ல ஒருத்தனும் எழுந்து போனதில்ல. நானே கேட்டு, கிடைக்காம எழுந்தேன்னா..." கத்திப் பிடியில் கை போனது, மிரட்ட இல்லை, பிடித்துக்கொள்ள. "அப்புறம் இந்தக் கரையில நான் ஷேக் இல்ல. படகும் போகும், பேரும் போகும்."

அவருக்கு அந்த ஜெர்மன்காரன் மேல் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையை நான்தான் ஊற்றியிருந்தேன்.

தீவில் எல்லாம் சிவப்பு. வெட்டுகிறவர்கள் சிவப்பு, கழுதைகள் சிவப்பு, மலையடியில் கட்டியிருந்த வெள்ளைக் கூடாரம் சிவப்பு. ரைமர்ஸ் ஓடிவந்து ஷேக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினான். தாடி முழுக்க மண். நீலக் கண்ணாடி மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. எட்டு மாதத்தில் எங்கள் பேச்சில் நாலைந்து சொல் கற்றிருந்தான். அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னான்: வாங்க, நல்லாருக்கீங்களா, காத்து, தண்ணி, நல்லாருக்கீங்களா. நாற்காலி போட்டான். ஷேக் பாயில் உட்கார்ந்ததும் அவனும் மடங்கி உட்கார்ந்தான், கால் எங்கே போவது என்று தெரியாமல். இல்யாஸ் அவன் தோளுக்குப் பின்னால் வந்து குந்தினான். ஷேக் ஏன் வந்திருக்கிறார் என்று அவன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து, "ஜவ்ஹர் அண்ணே, சௌக்கியமா?" என்றான். மீசை ஏறவில்லை.

கூடார வாசலில் தீ மூட்டினேன். கொட்டையை வறுத்தேன். உரலில் போட்டு இடித்தேன். நிமிர்ந்தால், ரைமர்ஸ் மடியில் ஒரு புத்தகத்தை விரித்து என்னை வரைந்துகொண்டிருந்தான். கூஜாவின் மூக்கை, உரலை, நான் உலக்கை பிடித்திருந்த கையை. எதிரே ஒரு ஊரின் ஆட்சியாளர் உட்கார்ந்திருக்கிறார், கடலில் பீரங்கிக் கப்பல் நிற்கிறது. இவன் உலக்கையை வரைகிறான். பாவி, நீயும் என்னை மாதிரியா என்று எனக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதோடு இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. கஹ்வா இடிப்பதையே இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்க்கிறவனுக்குக் கிண்ணத்தின் முறை தெரிந்திருக்க வழியில்லை. ஷேக் கிண்ணத்தை வைப்பார். இவன் அதையும் வரைவான். இல்யாஸ் வாயை மூடிக்கொண்டிருப்பான்.

வடித்த கஹ்வாவில் ஏலக்காய் போட்டு மறுபடி கொதிக்க விட்டேன். வழக்கத்தைவிட ஒரு கொதி கூடுதலாக. கூஜா இடது கையில், கிண்ணம் வலது கையில். பெரியவர்கள் அறுவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஷேக் நிமிர்ந்து, கண்ணைப் பாதி மூடி, தன் கிண்ணத்துக்காகக் காத்திருந்தார். ஆனால் முதல் வாய் வீட்டுக்காரனுக்கு. இங்கே வீட்டுக்காரன் ரைமர்ஸ்.

நான் அவன் முன் குனிந்தேன். கண்ணாடியில் இரண்டு குட்டி ஜவ்ஹர்கள் குனிந்தார்கள். இந்த முறை அவர்களை நான் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்து, எல்லாரும் பார்க்கும்படி கையை நன்றாக விலக்கிவைத்துக்கொண்டு, ஊற்றினேன். மூன்றில் ஒரு பங்கு. பாதி. பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். முக்கால். "ஜவ்ஹர்!" என்றார் இன்னொருவர். விளிம்பு.

ரைமர்ஸ் வாங்கினான். உதடு வரை கொண்டுபோனான். பாயில் வைத்தான். இரண்டு விரலைக் காது மடலில் வைத்துக்கொண்டான்.

ஷேக்கின் கண் முழுசாகத் திறந்திருந்தது. பாயில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார், காது மடலில் இருந்த விரலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"கேளு அவர்கிட்ட," என்றார் இல்யாஸிடம். "ஏன் கீழ வெச்சாராம்?"

இல்யாஸ் வாயைத் திறப்பதற்குள் ரைமர்ஸே சொன்னான். அவனுக்குத் தெரிந்த சொல் ஒன்று வாய்த்துவிட்டதில் முகமெல்லாம் சந்தோஷம். "சூடு," என்றான் எங்கள் பேச்சில். "ரொம்பச் சூடு." என்னைக் காட்டினான், கூஜாவைக் காட்டினான், கடலுக்கு அப்பால் எங்கள் ஊரைக் காட்டினான். "அன்னிக்கும். ரொம்பச் சூடு."

"அன்னிக்குமா?" என்றார் ஷேக்.

"அன்னிக்கும், அன்னிக்கும்!" என்று சிரித்தான், சுட்ட விரலைக் காட்டி.

பெரியவர்களில் ஒருவர் தாடியைக் கையால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஷேக் மெதுவாக மூச்சு விட்டார். மூன்று நாளாக உள்ளே நின்ற மூச்சு அது.

"அப்ப நீ கேக்கல," என்றார். "கேக்காதவனுக்கு நான் எதையும் கொடுக்கல. கொடுக்காதத நான் திரும்ப வாங்கவும் இல்ல. அந்தக் கிண்ணத்த நம்பிப் போட்ட முத்திரையும் செல்லாது." வாசல் பக்கம் திரும்பினார். "ஃபரஜ்! படகுல போயி அந்தக் காப்டன்கிட்ட சொல்லு. உம்மு மக்ராவோட மண்ணு யாருக்கும் கொடுக்கப்படல. யாரும் கேக்கவே இல்ல. சாட்சி ஆறு பேர். சுக்கானையெல்லாம் கொண்டாந்து மாட்டச் சொல்லு."

ஃபரஜ் ஓடிய ஓட்டத்தில் மண் பறந்து கூடாரத்துக்குள் விழுந்தது.

இல்யாஸ் ரைமர்ஸின் காதில் பேச ஆரம்பித்தான். இந்த முறையும் நீளமாகத்தான் பேசினான். எட்டு மாதத்துக்கு முன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்று என்ன சொல்கிறான் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ரைமர்ஸின் சிரிப்பு முகத்திலேயே நின்று காய்ந்தது. நீலக் கண்ணாடியைக் கழற்றினான். முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்தேன். சாதாரணப் பழுப்பு. எங்கள் ஊர்ச் சந்தையில் நாலு பேரில் ஒருவனுக்கு இருக்கும் கண். அது என்னைத்தான் பார்த்தது, கோபமாகக்கூட இல்லை; ஏன் என்று கேட்பதுபோல. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இரண்டு முறையும் அவன் விரலைச் சுட்டது நான். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"ஜவ்ஹர்," என்றார் ஷேக். "உட்காரு."

பத்தொன்பது வருஷத்தில் மஜ்லிஸில் நான் உட்கார்ந்ததில்லை. பாயின் ஓரத்தில் முழங்காலை மடித்து உட்கார்ந்தேன்.

"கூஜாவைக் கொடு."

கொடுத்தேன். இடது கையில் வாங்கிக்கொண்டார். வலது கையில் ஒரு கிண்ணத்தை எடுத்தார். என் இடத்துக்கு எதிரே குனிந்து, அவர் ஊற்றினார். ஷேக் ஒருவர் ஊற்றி வேலைக்காரன் குடித்த கதையை நான் கேட்டதில்லை. மூன்றில் ஒரு பங்கு. பாதி. நான் இப்போது நிறுத்துவார், இப்போது நிறுத்துவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால். அவர் நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல், என்னிடம் நீட்டினார்.

வலது கையால் வாங்கினேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தக் கரையில் எவனும் இல்லை. குடி, கிளம்பு. பிறந்த வீடு, அந்தப் பாய், அதில் வந்து உட்காரும் அத்தனை முகங்கள், எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பு. ஆனால் கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. வைத்தால் 'கேட்டது உனக்கு' என்று அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஊற்றினாரா, ரைமர்ஸின் கையோடு என் கையையும் சுடத்தான் ஊற்றினாரா? நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களும் என் விரல்களைப் பார்த்தார்கள். ரைமர்ஸ்கூட, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் விரல்களையே பார்த்தான்.

கீழே கரையில் ஃபரஜ் ஏதோ கத்தினான். தண்ணீர்மேல் யாரோ பதில் கத்தினார்கள். கஹ்வா விளிம்புக்கு ஒரு மயிரிழை மேலே எழும்பி, சிந்தாமல் நின்றது. சிவப்புத் தூசி ஒன்று மேலிருந்து வந்து அதில் விழுந்தது. விரல் எரிந்தது. கிண்ணத்துக்கும் பாய்க்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.